கம்பைலரை எதைக் கொண்டு கம்பைல் செய்வது?

மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய பைனரியாக மாற்றித் தருவது கம்பைலர். அவற்றில் ஒன்றான ஜிசிசியின் மூலநிரல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கிக்கொள்ளலாம், படிக்கலாம், வேண்டியதைத் திருத்தலாம். ஆனால் ஓட்ட வேண்டுமென்றால் முதலில் அதைக் கம்பைல் செய்தாக வேண்டும். அதற்கு ஒரு சி++ கம்பைலர் தேவை. அந்தக் கம்பைலர் எங்கிருந்து வந்தது? இன்னொரு கம்பைலர் அதை உருவாக்கியது. அது எங்கிருந்து வந்தது? அதற்கும் முந்தைய ஒன்றிலிருந்து.

கம்பைலரோடு இது முடிவதில்லை. எதை எந்த வரிசையில் கம்பைல் செய்வது என்று பார்த்துக்கொள்ளும் மேக் கருவியை வழக்கமான முறையில் கட்ட மேக்கே வேண்டும். இலக்கண விதிகளைக் கொடுத்தால் பாகுபடுத்தியை (எழுதியதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் நிரலை) எழுதித் தரும் பைசன் இருக்கிறதே, அதன் சொந்தப் பாகுபடுத்தியே பைசனுக்கான விதிகளாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல் ஷெல்; பாஷ் என்ற ஷெல்லைக் கட்டுமுன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டை ஓட்டவே ஒரு ஷெல் வேண்டும். ஒரு முழு இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து கட்ட உட்கார்ந்தால், ஒன்று இன்னொன்றைக் கைகாட்டிக்கொண்டு பல பேக்கேஜ்கள் இப்படி வரிசையில் நிற்கும். பூட்ஸ்ட்ராப் சிக்கல் என்று சொல்வது இதைத்தான்.

சரி, நடைமுறையில் யாரும் வெற்றுக் கணினியில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிஸ்டத்தின் மேல் உட்கார்ந்துதான் புதியதைக் கட்டுகிறோம். முன்னதைப் பழைய சிஸ்டம் என்றும் கட்டப்போவதைப் புதிய சிஸ்டம் என்றும் வைத்துக்கொள்வோம். புதிதாக வருபவர்கள் எதிர்பாராதது இதுதான்: கருவி இல்லாததால் வரும் தொல்லை குறைவு, பழைய கருவி பக்கத்திலேயே இருப்பதால் வரும் தொல்லைதான் அதிகம். கருவி இல்லையென்றால் பில்ட் அங்கேயே நிற்கும், பிழைச்செய்தி வரும், என்ன இல்லை என்று தெரிந்துவிடும். பழையது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பில்ட் சத்தமில்லாமல் அதை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். கோளாறு வெளியே தெரிவதற்குள் இருபது பேக்கேஜ் தாண்டியிருப்பீர்கள்.

பழையது கசியும் இடங்கள்

ஒன்றுமே செய்யாத ஒரு வெற்று சி நிரலைக் கம்பைல் செய்தால்கூட, நீங்கள் எழுதாத பல சங்கதிகள் அதற்குள் வந்து சேர்கின்றன. கம்பைலர் தனக்குத் தெரிந்த அடைவுகளில் ஹெடர் கோப்புகளை, அதாவது லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று அறிவிக்கும் கோப்புகளை, தேடும். துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்க்கர் சில தொடக்கக் கோப்புகளையும் சி லைப்ரரியையும் எடுத்துச் சேர்க்கும். கடைசியில், இந்த பைனரியை ஓட்டும்போது எந்த டைனமிக் லோடரை (நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை ஏற்றித் தருவதை) அழைக்க வேண்டும் என்ற முழுப் பாதையும் பைனரிக்குள்ளேயே எழுதப்படும். இவற்றில் எது பழைய சிஸ்டத்திலிருந்து வந்தாலும், நீங்கள் கட்டியது பெயரளவில்தான் புதியது.

இதன் அறிகுறி ஒன்று பலரையும் குழப்பும். அடிப்படைக் கருவிகளையெல்லாம் கட்டி ஓர் அடைவில் நிறுவிவிட்டு, ஓர் அடைவையே சிஸ்டத்தின் வேர் போலக் காட்டும் சிஎச்ரூட் கட்டளையால் அதற்குள் நுழையப் பார்ப்பீர்கள். பாஷ் அங்கே இருக்கிறது. பட்டியலிட்டுப் பார்த்தால் தெரிகிறது. இயக்கும் அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் 'அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை' என்ற பிழைதான் வரும். உண்மையில் காணாமல் போனது பாஷ் அல்ல, பாஷுக்குள் பாதை எழுதப்பட்டிருக்கும் லோடர். நிரல் இல்லையென்றாலும் நிரலின் லோடர் இல்லையென்றாலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரே பிழைக்குறியைத்தான் திருப்பித் தருகிறது. ரீட்எல்ஃப் கருவியால் அந்த பைனரியின் தலைப்புப் பகுதியைப் பார்த்தால், அது எந்த லோடரைக் கேட்கிறது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்க்கத் தெரிந்துகொள்வது, ஒரு முழு இரவு தலையைப் பிய்த்துக்கொள்வதை மிச்சப்படுத்தும்.

இந்தக் கசிவை அடைக்க லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் திட்டம் கையாளும் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெரார்ட் பீக்மன்ஸ் 1999இல் தொடங்கிய திட்டம் அது. மூலநிரலிலிருந்து ஒரு லினக்ஸ் சிஸ்டத்தைக் கையாலேயே கட்டுவதற்குப் படிப்படியாக வழிசொல்லும். அவர்களின் உத்தி இது: உட்கார்ந்திருக்கும் கணினியையே அந்நியக் கணினி என்று கம்பைலரை நம்பவைப்பது.

விளக்குகிறேன். ஜிசிசி, பாஷ் போன்றவை அடங்கிய குனு கருவிகள் ஒரு கணினியை மூன்று நான்கு துண்டுகள் கொண்ட ஒரு பெயரால் அடையாளம் காண்கின்றன. எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-குனு என்பது போல இருக்கும். முதல் துண்டு செயலி, இரண்டாவது தயாரிப்பாளர், பிறகு இயங்குதளம். தயாரிப்பாளர் என்ற அந்த இரண்டாவது துண்டுக்கு நடைமுறையில் பெரிய பொருள் ஏதும் இல்லை. லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் செய்வதெல்லாம் அந்த இடத்தில் 'பிசி'யை எடுத்துவிட்டு 'எல்எஃப்எஸ்' என்று போடுவதுதான். செயலி அதே செயலி, கெர்னல் அதே கெர்னல். ஆனால் பெயர் வேறு என்பதால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் இதைக் கிராஸ் கம்பைல் என்று முடிவுசெய்கிறது. அதாவது, இங்கே கட்டி வேறு கணினியில் ஓட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. அப்புறம் பழைய சிஸ்டத்தின் ஹெடர்களையும் லைப்ரரிகளையும் அது தொடுவதில்லை. வேறு கணினிக்கு அவை எதற்கு? கட்டிய நிரலை இங்கேயே ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கும் சோதனைகளையும் விட்டுவிடுகிறது. எங்கே தேட வேண்டும் என்று சொல்ல சிஸ்ரூட் என்று ஓர் அடைவைக் காட்டிவிட்டால், கம்பைலரின் உலகமே அந்த அடைவுக்குள் சுருங்கிவிடும்.

இந்த வேலையில் பில்ட், ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று சொற்கள் அடிக்கடி கண்ணில் படும். கட்டும் வேலை நடக்கும் கணினி பில்ட். கட்டப்படும் நிரல் ஓடப்போகும் கணினி ஹோஸ்ட். கட்டப்படுவது கம்பைலராக இருந்தால் மட்டும், அது யாருக்காக நிரல் தயாரிக்கப்போகிறதோ அந்தக் கணினி டார்கெட். ஹோஸ்ட் என்றால் இப்போது உட்கார்ந்திருக்கும் கணினி என்று எல்லோரும் நினைப்பார்கள். பெயர் வைத்தவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஜிசிசியும் ஜிலிப்சியும் போட்டிருக்கும் முடிச்சு

கிராஸ் கம்பைலர் கட்டத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்படும் முடிச்சு இது. ஜிசிசியோடு லிப்ஜிசிசி என்று ஒரு சிறிய துணை லைப்ரரி வரும். செயலியால் ஒரே கட்டளையில் செய்ய முடியாத கணக்குகளையும் வேறு சில்லறை வேலைகளையும் அது பார்த்துக்கொள்கிறது. அதை முழுதாகக் கட்ட சி லைப்ரரியின் ஹெடர்கள் வேண்டும். சி லைப்ரரி என்றால் பெரும்பாலான லினக்ஸில் ஜிலிப்சி. ஜிலிப்சியைக் கட்டவோ, புதிய சிஸ்டத்துக்கான கம்பைலரும் அதனுடன் வரும் லிப்ஜிசிசியும் வேண்டும்.

அவிழ்க்கும் வழி, ஜிசிசியை இருமுறை கட்டுவது. முதல் முறை, சி லைப்ரரி என்று ஒன்றே இல்லை என்று சொல்லி, பல அம்சங்களை அணைத்துவிட்டு ஒரு அரைகுறை ஜிசிசியைக் கட்டுகிறோம். பகிர்வு லைப்ரரி கிடையாது, திரெட் கிடையாது, சி++ லைப்ரரியும் கிடையாது. ஜிலிப்சியைக் கட்ட எவ்வளவு திறன் வேண்டுமோ அவ்வளவுதான் அதற்கு. அடுத்து லினக்ஸ் கெர்னலின் ஹெடர் கோப்புகளை மட்டும் நிறுவுகிறோம். கெர்னலை இப்போது கம்பைல் செய்ய வேண்டியதில்லை, ஆனால் கெர்னலிடம் எப்படிப் பேசுவது என்று ஜிலிப்சிக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு அரைகுறை ஜிசிசியைக் கொண்டு ஜிலிப்சி. ஜிலிப்சி வந்துவிட்டதால் இப்போது சி++ லைப்ரரியைக் கட்டலாம். அதற்குப் பின் பாஷ், கோர்யூட்டில்ஸ், மேக், செட், டார் என்று தற்காலிகக் கருவிகள். எல்லாம் அமைந்த பிறகு ஜிசிசி மறுபடியும், இந்த முறை முழுமையாக.

தற்காலிகக் கருவிகள் கட்டடத்துக்குப் போடும் சாரம் மாதிரி. கடைசியில் பிரித்து எறியப்போகிறோம் என்பதால் அழகாக இருக்கத் தேவையில்லை, பாரம் தாங்கினால் போதும். இதை மறந்து தற்காலிகக் கட்டத்திலேயே ஆவணங்கள், மொழிபெயர்ப்புகள், சோதனைத் தொகுப்புகள் என்று எல்லாவற்றையும் இயக்கி வைத்தால், இன்னும் கட்டாத நாலு பேக்கேஜ்களை அவை கேட்கத் தொடங்கும்.

ஜிலிப்சி நிறுவியதும் மேலே போகாமல் ஒரு நிமிடம் நின்று சோதித்துவிட வேண்டும். ஒன்றுமே செய்யாத வெற்று சி நிரல் ஒன்றைப் புதிய கம்பைலரால், விரிவாகப் பேசும்படி சொல்லி, கம்பைல் செய்யுங்கள். ஹெடர்களைத் தேடும் அடைவுகள், எடுத்த தொடக்கக் கோப்புகள், கண்டுபிடித்த சி லைப்ரரி எல்லாவற்றையும் அது வரிசையாகக் கொட்டும். ஒவ்வொரு பாதையும் புதிய சிஸ்டத்தின் அடைவில்தான் தொடங்க வேண்டும். பழைய சிஸ்டத்தின் யூஎஸ்ஆர் அடைவு ஒரே ஒரு வரியில் தலைகாட்டினாலும் அங்கேயே நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவது நல்லது. அப்போது தொடங்கினால் போவது கொஞ்ச நேரம்தான்.

லோடர் வரியைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. இன்றைய முறையில் புதிய சிஸ்டத்தின் லோடர் பாதையும் பழையதன் பாதையும் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் அந்த வரி சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. மற்ற வரிகளையும் பார்த்தே ஆக வேண்டும்.

சூழலே காலை வாரும்போது

எல்லாக் கசிவும் கம்பைலர் வழியாக வருவதில்லை. உங்கள் ஷெல்லே போதும்.

நீங்கள் என்றைக்கோ லைப்ரரிப் பாதையையோ கம்பைலர் தெரிவுகளையோ சூழல் மாறிகளில் போட்டு வைத்திருப்பீர்கள்; பில்ட் அவற்றை விசுவாசமாக எடுத்துக்கொள்ளும். அதனால் எல்லா மாறிகளையும் துடைத்த சுத்தமான ஷெல்லில், இதற்கென்றே உருவாக்கிய தனிப் பயனர் கணக்கில் வேலை செய்வது வழக்கம். தனிக் கணக்கு எதற்கு? நிறுவும் கட்டளையில் அடைவின் பெயர் விட்டுப்போனால், எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கு பழைய சிஸ்டத்தின் சி லைப்ரரியையே மேலெழுதிவிடும். சாதாரணக் கணக்கு 'அனுமதி இல்லை' என்று முறைத்துவிட்டு நின்றுவிடும்.

பாஷ் ஒரு கட்டளையை முதல்முறை தேடிக் கண்டுபிடித்ததும் அதன் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளும். வழக்கமான நாளில் இது வசதி. இங்கே, புதிய கருவியை இப்போதுதான் நிறுவியிருப்பீர்கள், பாதை வரிசையிலும் அதுதான் முதலில் இருக்கும், ஆனாலும் பாஷ் நினைவில் வைத்திருக்கும் பழையதையே ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த நினைவாற்றலை அணைத்து வைக்க ஒரு எழுத்துத் தெரிவு கொண்ட சின்னக் கட்டளை போதும். தெரியாவிட்டால் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கோப்புகளின் நேரமுத்திரையும் இப்படி விளையாடும். வெளியீட்டுத் தொகுப்பில் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஏற்கெனவே உருவாக்கப்பட்டு வரும், அதனால் அதை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் இல்லாமலே பில்ட் ஓடும். ஆனால் கோப்புகளை நகலெடுக்கும்போது நேரம் கலைந்து, மூலக் கோப்பு உருவாக்கப்பட்ட கோப்பைவிடப் புதியது போலத் தெரிந்தால், மேக் அதை மறுபடி உருவாக்கக் கிளம்பிவிடும். உடனே ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், அவற்றை ஓட்டப் பெர்ல், எம்4 என்று இன்னும் கட்டாத எல்லாம் தேவைப்படும். பிழைச்செய்தி ஆட்டோமேக் இல்லை என்று சொல்லும். காரணம் ஒரு நகலெடுக்கும் கட்டளை.

ஃபைல் என்ற சிறு கருவியைக் கிராஸ் கம்பைல் செய்து பார்த்தால் இன்னொரு விசித்திரம் தெரியும். கோப்பு வகைகளை அடையாளம் காணும் ஒரு தரவுக் கோப்பை அது தயாரிக்க வேண்டும். தயாரிப்பது ஃபைல் கருவியேதான், அதுவும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். அதனால் முதலில் பழைய சிஸ்டத்தில் ஓடும்படி அதே பதிப்பை ஒருமுறை கட்டி, அதைக் கொண்டு புதிய சிஸ்டத்துக்கானதைக் கட்டுகிறார்கள். கருவி எங்கே ஓடுகிறது, யாருக்காக ஓடுகிறது என்ற கேள்வி இவ்வளவு சிறிய இடத்தில்கூட வந்து நிற்கிறது.

வட்டமாகச் சுற்றும் சார்புகள்

அடித்தளம் எழுந்த பிறகு வரும் வட்டங்கள் வேறு வகை, கொஞ்சம் சாதுவானவை. எழுத்துருக்களை வரையும் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். எழுத்துகளைச் சரியான வடிவில் கோக்கும் ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப்பைக் கேட்கும். தீர்வு: ஹார்ஃப்பஸ் ஆதரவில்லாமல் ஃப்ரீடைப்பைக் கட்டி, அதன் மேல் ஹார்ஃப்பஸ்ஸைக் கட்டி, பிறகு ஃப்ரீடைப்பை மறுபடி முழுதாகக் கட்டுவது. ஜிலிப் லைப்ரரிக்கும் (இது ஜிலிப்சி அல்ல, வேறு) ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்ஷனுக்கும் இதே உறவு, இதே மருந்து.

குறைத்துக் கட்டு, அடுத்ததைக் கட்டு, திரும்பி வந்து முழுதாகக் கட்டு என்ற இந்த முறையை டெபியன் லினக்ஸ் முறைப்படுத்தியே வைத்திருக்கிறது. ஒரு பேக்கேஜை முதல் கட்டமாகக் கட்டும்போது எந்தச் சார்புகளை விட்டுவிடலாம் என்பதை பில்ட் ப்ரொஃபைல் என்ற குறிப்பாகப் பேக்கேஜிலேயே எழுதலாம். ஆவணம் வேண்டாம், சோதனை வேண்டாம் என்பதற்கும் தனித்தனிக் குறிப்புகள் உண்டு. வட்டங்களில் கணிசமானவை இந்த இரண்டாலேயே அறுந்துவிடும். ஜென்டூ லினக்ஸில் யூஸ் ஃப்ளாக் என்ற தெரிவுகளைத் தற்காலிகமாக அணைத்து இதையே செய்கிறார்கள்.

வட்டம் வராமல் எழுதியவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். குனு மேக்கோடு, மேக் இல்லாத சிஸ்டத்தில் அதைக் கட்டுவதற்காகவே ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் வருகிறது. மேக் போன்ற பில்ட் கருவிகளான சிமேக்கும் நிஞ்ஜாவும் தங்களைத் தாங்களே முதல்முறை கட்டிக்கொள்ளும் வழியை உடன் வைத்திருக்கின்றன.

பிஎஸ்டிக்காரர்கள் செய்வது

லினக்ஸ் அல்லாத பிஎஸ்டி வகை இயங்குதளங்களில் கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் மரத்தில் இருப்பதால், பூட்ஸ்ட்ராப் வரிசையைத் திட்டமே பார்த்துக்கொள்கிறது. ஃப்ரீபிஎஸ்டியில் பில்ட்வேர்ல்ட் கட்டளை முதலில் பழைய சிஸ்டத்தில் ஓடக்கூடிய துணைக் கருவிகளைப் புதிய மூலநிரலிலிருந்து கட்டும். அடுத்து கிராஸ் கம்பைலர், அதற்குப் பிறகுதான் உண்மையான சிஸ்டம். நிறுவும்போது தன் காலடியில் இருப்பதையே தான் மாற்றப்போகிறது என்று தெரிந்து, தேவையான கருவிகளை ஒரு தற்காலிக இடத்துக்கு நகலெடுத்து வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

அங்கே புதியவர்கள் மாற்றக்கூடாத வரிசை ஒன்று உண்டு. சிஸ்டத்தையும் கெர்னலையும் கட்டி முடித்ததும் முதலில் புதிய கெர்னலை மட்டும் நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்து, பிறகே மற்றதை நிறுவ வேண்டும். புதிய கெர்னல் பொதுவாகப் பழைய நிரல்களை ஓட்டும். புதிய நிரல்களோ பழைய கெர்னலில் இல்லாத சிஸ்டம் கால்களை, அதாவது கெர்னல் சேவைகளை, கேட்கக்கூடும். வரிசையை மாற்றினால், நிறுவும் வேலையின் நடுவிலேயே நிறுவும் கட்டளை இறந்துபோகலாம்.

நெட்பிஎஸ்டியின் ஒற்றை பில்ட் ஸ்கிரிப்ட்தான் என் கணக்கில் இவற்றில் மிகச் சுத்தமானது. லினக்ஸிலோ மேக்ஓஎஸ்ஸிலோ உட்கார்ந்துகொண்டு, ரூட் உரிமைகூட இல்லாமல், வேறு செயலிக்கான நெட்பிஎஸ்டியைக் கட்டிவிடலாம். தனக்கு வேண்டிய மேக் உட்பட எல்லாக் கருவியையும் அது முதலில் தானே கட்டிக்கொள்கிறது. பழைய சிஸ்டத்தை நம்பாமல் இருப்பதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொண்ட வடிவமைப்பு. ஓபன்பிஎஸ்டியின் அணுகுமுறை நேர் எதிர்: பழைய பதிப்பிலிருந்து மூலநிரல் வழியாகத் தாவ முயலாதீர்கள், கட்டப்போகும் மூலநிரலுக்கு மிக நெருக்கமான பைனரி ஸ்னாப்ஷாட்டை முதலில் நிறுவிவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள் என்கிறார்கள். சோம்பேறித்தனம் போலத் தெரியும். ஆனால் இடைப்பட்ட மாற்றங்களின் வழியாக ஒவ்வொன்றாக ஏறும் வேலை முழுவதும் அதில் மிச்சம்.

பதிப்புச் சங்கிலி

அந்த ஏறும் வேலை எப்படி இருக்கும் என்று பார்க்க, கம்பைலர்களின் வரலாற்றைப் பார்த்தால் போதும். வெறும் சி கம்பைலர் மட்டும் இருந்தால் ஜிசிசி 4.7 வரை கட்டலாம். 4.8 முதல் சி++ கம்பைலர் தேவை. 11 முதல் சி++11 தெரிந்த கம்பைலர் தேவை. ஆக, சி மட்டும் கையில் இருப்பவர் 4.7இல் ஏறி, அதோடு வரும் சி++ கம்பைலரைக் கொண்டு 10ஐக் கட்டி, அங்கிருந்து புதியதற்குப் போகலாம். கோ மொழியில் 1.4 வரை கம்பைலர் சியில் எழுதப்பட்டிருந்தது. 2015இல் வந்த 1.5 முதல் அது கோவிலேயே இருக்கிறது. 1.4ஐக் கொண்டு 1.17, அதைக் கொண்டு 1.20, பிறகு 1.22, பிறகு 1.24 என்று படி ஏற வேண்டும். படிகள் குறைவு, எழுதியும் வைத்திருக்கிறார்கள், நியாயமான ஏற்பாடு.

ரஸ்ட் மொழி அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. ஒவ்வொரு பதிப்பையும் கட்ட அதற்கு முந்தைய பதிப்பு வேண்டும், பதிப்புகளோ ஆறு வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டிருக்கின்றன. முதல் ரஸ்ட் கம்பைலர் ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. அங்கிருந்து இன்றுவரை ஏறுவதென்றால் ஆயுள் தண்டனைதான். நல்லவேளையாக எம்ரஸ்ட்சி என்று சி++இல் எழுதப்பட்ட ஒரு மாற்றுக் கம்பைலர் இருக்கிறது. நடுவில் உள்ள சில குறிப்பிட்ட பதிப்புகளை அது நேரடியாகக் கட்டிவிடும், மீதிச் சங்கிலி மட்டும் ஏறினால் போதும். உங்கள் சிஸ்டத்தில் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் மொழி எது இருந்தாலும், எந்தப் பதிப்பு எதைக் கட்டும் என்ற குறிப்பையும் பழைய தொகுப்புகளையும் கையோடு சேமித்து வையுங்கள். ஒரு படி தொலைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

அடியில் இருக்கும் விதை

இவ்வளவு செய்தும் சங்கிலியின் கடைசியில் யாரோ தந்த ஒரு பைனரி இருக்கத்தான் செய்யும். அதை விதை என்கிறார்கள். அது யோக்கியமானதா? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன் டூரிங் விருதை ஏற்றுப் பேசியபோது, 1984இல் அச்சான அந்த உரையில், இந்தக் கேள்வியைப் பயமுறுத்தும் அளவுக்குக் கொண்டுபோனார். லாகின் நிரலைக் கம்பைல் செய்யும்போது கள்ளக் கதவைச் செருகும் கம்பைலர். தன்னையே கம்பைல் செய்யும்போது அந்தச் செருகும் வித்தையையும் சேர்த்துச் செருகிவிடும். மூலநிரலில் ஒன்றுமே இருக்காது. எத்தனை முறை மறுபடி கட்டினாலும் கள்ளம் கூடவே வரும். பாதுகாப்பு ஆய்வாளர் டேவிட் வீலர் இதற்கு ஒரு சோதனை சொன்னார்: சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பைலரால் அதே மூலநிரலைக் கட்டு, கிடைத்ததைக் கொண்டு மறுபடி கட்டு, சந்தேகத்துக்குரிய பைனரியோடு பிட்டுக்குப் பிட் ஒப்பிடு.

விதையையே சிறிதாக்கிவிடுவது இன்னொரு வழி. கீக்ஸ் என்ற லினக்ஸ் திட்டம் 2023இல் தன் பேக்கேஜ் மரம் முழுவதையும் 357 பைட் உள்ள ஒரு நிரலிலிருந்து முளைக்க வைத்தது. பதினாறடிமான எண்களை பைனரியாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. மனிதர் ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடலாம். அதிலிருந்து படிப்படியாகச் சற்றுப் பெரிய அசெம்பிளர், ஒரு குட்டி சி கம்பைலர், குனு மெஸ், டிசிசி, பழைய ஜிசிசி என்று ஏறுகிறார்கள். பில்டை நடத்த கைல் மொழியின் பைனரி ஒன்றும் கெர்னலும் இன்னும் வெளியிலிருந்துதான் வருகின்றன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை.

வீட்டில் ஒரு சிஸ்டம் கட்டிப் பார்க்கும் தொடக்கநிலையாளருக்கு இந்த ஆழம் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: வெளியீட்டுத் தொகுப்பில் ஏற்கெனவே உருவாக்கி வைத்திருக்கும் கோப்புகளும் ஒருவகை விதையே. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிடிபட்ட கள்ளக் கதவைத் தூண்டிய ஸ்கிரிப்ட், மூலநிரலை எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, தொகுப்பில் மட்டுமே இருந்தது.

தன்னைத் தானே கட்டுமா?

எல்லாம் முடிந்ததா என்று எப்படித் தெரியும்? ஜிசிசி தனக்கு வைத்துக்கொள்ளும் சோதனை இதற்கு நல்ல முன்மாதிரி. வழக்கமான பில்டில் அது தன்னை மூன்று முறை கட்டிக்கொள்கிறது. முதல் நிலையை உங்கள் பழைய கம்பைலர் கட்டும். இரண்டாம் நிலையை முதல் நிலை கட்டும். மூன்றாவதை இரண்டாவது கட்டும். முதல் நிலையும் இரண்டாம் நிலையும் ஒரே மூலநிரலிலிருந்து வந்த ஒரே நிரல். கட்டியவர்கள் வேறு என்பதால் அவற்றின் பைனரி வேறாக இருக்கலாம், ஆனால் அவை செய்யும் வேலை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எனவே அவை தயாரித்துத் தரும் இரண்டாம், மூன்றாம் நிலைகள் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்க வேண்டும். ஒத்திருக்கவில்லை என்றால் ஒப்பீடு தோற்றது என்று பில்ட் நின்றுவிடும். பழைய கம்பைலரில் பிழை, தவறான ஆப்டிமைசேஷன் தெரிவு, சில சமயம் பழுதான ரேம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

இதையே சிஸ்டம் முழுவதற்கும் செய்யலாம். கட்டிய சிஸ்டத்துக்குள் பூட் செய்து, அதே மூலநிரலைக் கொண்டு அதே வரிசையில் எல்லாவற்றையும் மறுபடி கட்டி, இரண்டு சுற்றின் கோப்புகளையும் ஒப்பிடுங்கள். முதலில் நிறைய வித்தியாசம் தெரியும், பயப்பட வேண்டாம். பில்ட் நடந்த தேதியைத் தனக்குள் எழுதிக்கொள்ளும் நிரல்கள் பல உண்டு. அதற்கென்றே சோர்ஸ் டேட் இபாக் என்ற சூழல் மாறி இருக்கிறது. ஒரே தேதியை அதில் நிலையாக வைத்தால், அதை மதிக்கும் கருவிகளின் வித்தியாசம் மறைந்துவிடும்.

மறையாமல் நிற்பவைதான் கவனிக்க வேண்டியவை. ஒரு நிரல் முதல் சுற்றில் மூன்று லைப்ரரிகளோடும் இரண்டாம் சுற்றில் நாலு லைப்ரரிகளோடும் இணைந்திருந்தால், அந்த நாலாவது லைப்ரரி முதல் சுற்றில் அதற்குப் பிறகு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் சுற்றில் கான்ஃபிகர் அதைக் கண்டதும் கேட்காமலே சேர்த்துக்கொண்டது. உங்கள் வரிசையில் அந்த லைப்ரரியை முன்னால் கொண்டு வாருங்கள். வேண்டாம் என்றால், தானாகத் தேடும்படி விடாமல் அந்த அம்சத்தைப் பெயர் சொல்லி அணைத்துவிட்டு அந்தப் பேக்கேஜை மட்டும் மறுபடி கட்டிப் பாருங்கள்.